இரண்டு வீட்டில் சாப்பிட்ட பெரியப்பா

பிள்ளைகளே, எங்கள் குடும்பத்தில் ஒருவர் இருந்தார். தீபாவளியன்று ஒரே நேரத்தில் இரண்டு வீட்டில் சாப்பிடுவார். லிந்துலைத் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான லயத்தில், எங்கள் வீட்டில் செத்தவராகச் சாப்பிடுவார். நோட்டன் பிரிட்ஜில் என் அத்தை வீட்டில் உயிரோடு இருப்பவராகச் சாப்பிடுவார். எங்கள் வீட்டுச் சாப்பாடு அத்தைக்குத் தெரியும். அத்தை வீட்டுச் சாப்பாடு எங்களுக்குப் போன வருடம்தான் தெரிய வந்தது.

அவர் என் அப்பாவின் அண்ணன், எனக்குப் பெரியப்பா. நான் அவரைப் பார்த்ததில்லை. நான் பிறப்பதற்கு வெகு காலத்துக்கு முன்பே, இரண்டாம் உலகப் போரில், குண்டு போடும் விமானத்தில் ஏறிப் போனவர் திரும்பி வரவில்லை.

லயத்துப் பையன் விமானத்தில் எப்படி ஏறினான் என்று என் மகன் கேட்டான். எனக்குத் தெரிந்ததெல்லாம் என் அப்பா சொன்னதுதான். பெரியப்பா டவுன் பள்ளிக்கூடத்தில் நன்றாக இங்கிலீஷ் படித்தாராம். மேலே படிக்கட்டும் என்று கடல் தாண்டி இந்தியாவுக்கு, திருச்சிப் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பி வைத்தார்கள். அவர் படிக்கவில்லை. வீட்டில் ஒரு வார்த்தை கேட்காமல் ஆகாயப் படையில் சேர்ந்துவிட்டார். சேர்ந்த பிறகு உடுப்போடு எடுத்த ஒரு போட்டோவை அனுப்பினார். வீட்டில் அழுதுவிட்டு, அந்தப் போட்டோவைச் சட்டம் போட்டு மாட்டினார்கள்.

அந்த விமானத்தில் இரண்டே பேர். முன்னால் இருந்து ஓட்டியவர் வடக்கே எங்கோ ஒரு ஊர்க்காரர். பின்னால், அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்தவர் எங்கள் பெரியப்பா.

"அப்போ பெரிய தாத்தா போற இடத்தைப் பாக்கவே இல்லியா?" என்று மகள் கேட்டாள்.

"இல்ல. வந்த வழியைத்தான் பாத்துக்கிட்டே போயிருக்காரு."

"நானுஓயா ட்ரெயின்ல அப்படித் திரும்பி உக்காந்தா உங்களுக்கு வாந்தி வருமே."

"அதுனாலதான் நான் தேயிலை பெக்டரியோட நின்னுட்டேன்."

பர்மாப் பக்கம் போன விமானம் அது. தோட்டத்து ஆபீசுக்குத் தந்தி வந்தது. துரை என் தாத்தாவைக் கூப்பிட்டு அனுப்பினார். தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா தந்தியைத் தமிழில் வாசித்துச் சொன்னார். 'காணவில்லை' என்பதுதான் அதில் இருந்த செய்தி. தாத்தாவுக்கு விளங்கிவிட்டது. ஆனால் பெரியப்பாவின் அம்மா, என் பாட்டி, ஒத்துக்கொள்ளவில்லை.

"காணோம்னுதானே வந்திருக்கு. மாடு காணாமப் போனாத் தேடுறோமா, இல்ல கருமாதி பண்றோமா?" என்று கேட்டார்களாம்.

கருமாதி நடக்கவில்லை.

எங்கள் லயத்தில் ஒரு பழக்கம் உண்டு. பெக்டரியில் ராத்திரி வேலைக்குப் போனவருக்கு, ஒரு தட்டில் சோறு போட்டு, இன்னொரு தட்டால் மூடி, அடுப்போரம் வைப்பார்கள். அவர் எந்த நேரம் வந்தாலும் சூடு முழுக்கப் போயிருக்காது. என் பெண்சாதியும் எனக்கு இன்றுவரை அப்படித்தான் வைக்கிறாள். பெரியப்பாவின் அம்மாவும் தீபாவளிக்குத் தீபாவளி அப்படி ஒரு தட்டை மூடி வைத்தார்கள். ஷிப்ட்டுக்குப் போன பிள்ளை கொஞ்சம் பிந்தி வருகிறான் என்கிற மாதிரி.

அந்த அம்மா கண் மூடிய பிறகுதான் என் அப்பா பெரியப்பாவுக்குப் படையல் போட ஆரம்பித்தார். தீபாவளிக்குப் படைப்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். வீட்டில் செத்துப்போனவர்களுக்கு அவர்கள் விரும்பிச் சாப்பிட்டதையெல்லாம் இலையில் வைப்போம். புது உடுப்பு வைப்போம். சூடம் காட்டிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, எல்லோரும் வெளியே வந்து நிற்போம். நாம் பார்த்துக்கொண்டிருந்தால் அவர்கள் வந்து சாப்பிட மாட்டார்கள். கொஞ்ச நேரம் பொறுத்து, வீட்டில் மூத்தவர் கதவைத் தட்டுவார். அதற்குப் பிறகு உள்ளே போய், அந்த இலையிலிருந்து எடுத்து எல்லோரும் சாப்பிடலாம்.

பெரியப்பா விஷயத்தில் ஒரு சிக்கல் இருந்தது. அவருக்கு என்ன பிடிக்கும் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. அப்பா சுருட்டு வைத்தார். அப்பாவுக்குச் சுருட்டு பிடிக்கும். நான் தலையெடுத்த பிறகு ஆட்டுக் குடல் வறுவல் வந்தது. அது யாருக்குப் பிடிக்கும் என்று என் பெண்சாதியைக் கேளுங்கள். என் தம்பி பெரியவனானதும் சாராயப் போத்தல் வந்தது.

"பட்டாளத்துக்காரருக்குச் சாராயம் வைக்காம எப்படி?" என்பான் தம்பி. கதவைத் தட்டியதும் முதலில் உள்ளே போகிறவனும் அவன்தான்.

நான்கு வருடத்துக்கு முன் இலையில் கொத்து ரொட்டி இருந்தது.

"இது யாரு வச்சது?" என்று கேட்டேன்.

"பெரிய தாத்தாவுக்குப் பிடிக்கும்," என்றான் மகன்.

"டேய், அவரு இருந்த காலத்துல கொத்து ரொட்டியே கிடையாதுடா."

"அதான்பா. அவரு சாப்பிட்டே இருக்க மாட்டாருல்ல, பாவம்."

கொத்து ரொட்டி அப்படியே நிலைத்துவிட்டது.

உடுப்பு விஷயமும் இப்படித்தான். லிந்துலை டவுனில் நாங்கள் வழக்கமாக உடுப்பு எடுக்கும் கடைக்கார முஸ்லிம் நானா, சட்டை யாருக்கு என்று ஒவ்வொரு வருடமும் கேட்பார். பெரியப்பாவுக்கு என்பேன். "போன முறை எடுத்ததை விட ஒரு சைஸ் கூட்டித் தரவா?" என்பார், சிரிக்காமல். படையல் முடிந்ததும் அந்தச் சட்டையைப் போடுவது என் தம்பி. தம்பிக்கு வயிறு விழ விழ, போட்டோவில் ஒல்லியாக நிற்கிற பெரியப்பாவுக்கும் சட்டை பெரிதாகிக்கொண்டே வந்தது.

இந்தக் கூத்தெல்லாம் நடப்பது அத்தைக்குத் தெரியும். என் அப்பாவுடன் பிறந்தவர்களில் கடைசி அவர்தான். இப்போது எண்பதைத் தாண்டி வெகு தூரம் வந்துவிட்டார். நோட்டன் பிரிட்ஜில் வாக்கப்பட்டு, அங்கே மகளோடு இருக்கிறார். பெரியப்பாவை நேரில் பார்த்தவர்களில் இன்று உயிரோடு இருப்பது அவர் ஒருவர்தான். தீபாவளிக்கு முதல் நாள் தவறாமல் எங்கள் வீட்டுக்கு வருவார். வந்ததும் முதல் வேலையாக, ஒரு நாற்காலியைப் போட்டு ஏறி, பெரியப்பா போட்டோவில் இருக்கும் பிளாஸ்டிக் மாலையைக் கழற்றுவார். நெற்றியில் இருக்கும் பொட்டை முந்தானையால் துடைப்பார். மாலையும் பொட்டும் செத்தவர்களுக்குத்தானே. பிறகு இறங்கி, ஒன்றும் நடக்காத மாதிரி பிளேன்டீ கேட்பார். மறுநாள் அதிகாலையிலேயே ஊருக்குக் கிளம்பிவிடுவார். படையலுக்கு நிற்க மாட்டார். அவர் பஸ் ஏறியதும் அப்பா அதே நாற்காலியில் ஏறி மாலையைத் திரும்ப மாட்டுவார். அண்ணனும் தங்கச்சியும் இதைப் பற்றி ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை. அப்பா போன பிறகு நாற்காலியில் ஏறும் வேலை எனக்கு வந்தது.

போன வருடம் தீபாவளிக்கு இரண்டு கிழமை இருக்கும்போது அத்தை மகள் எனக்குப் போன் எடுத்தாள்.

"மச்சான், அம்மா ஒரு மாதிரி இருக்காங்க."

"சுகமில்லையா?"

"சுகமாத்தான் இருக்காங்க, சண்டை பிடிக்கிற அளவுக்கு. என்னைச் சத்தியம் பண்ணிக் குடுக்கச் சொல்றாங்க. நான் மாட்டேன்னுட்டேன்."

அப்போதுதான் அந்தத் தட்டைப் பற்றிச் சொன்னாள். அத்தை எங்கள் வீட்டிலிருந்து அவ்வளவு அவசரமாகத் திரும்பிப் போனதே அதற்குத்தானாம். தீபாவளி மத்தியானம் எல்லோரும் சாப்பிட்ட பிறகு, ஒரு தட்டில் சோறு போட்டு, இன்னொரு தட்டால் மூடி, அடுப்போரம் வைப்பாராம். சின்ன வயதில் அத்தை மகள் அது தன் அப்பாவுக்கு என்று நினைத்திருந்தாள். அவளுடைய அப்பா அங்கே கரண்ட் ஸ்டேஷனில் ஷிப்ட் வேலை பார்த்தவர். அவர் செத்த பிறகும் தட்டு நிற்காததால்தான் விசாரித்திருக்கிறாள். என் பாட்டி சாகும் முன் அத்தையின் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டது அது. அண்ணன் வருகிற வரைக்கும் தட்டை எடுக்காதே என்று.

"இப்போ நான் போனதுக்கு அப்புறம் நீ மூடி வைக்கணும்ங்கிறாங்க," என்றாள் அத்தை மகள். "மாமாவுக்கு நூறு வயசு தாண்டிருச்சும்மா, வந்தாலும் பல்லு இருக்காதுன்னேன். எப்பவும் மாதிரி ஏசுவாங்கன்னு பாத்தேன். அழுதுட்டாங்க மச்சான்."

"என்ன சொல்லி அழுதாங்க?"

"நான் இருக்கிற வரைக்கும்தான்டி அவரு காணாமப் போனவரு. நானும் போயிட்டா அவரு யாருமே இல்லாதவருன்னாங்க. ரெண்டு நாள் என்கிட்டப் பேசல. இன்னைக்குக் காலையில சொல்லிட்டாங்க, லிந்துலைக்குக் கூட்டிட்டுப் போ, நானே அவருக்குப் படைக்கிறேன்னு."

அத்தை படைத்தால் அத்தோடு காத்திருப்பு முடிந்தது. அம்மாவுக்குக் கொடுத்த வாக்கும் முடிந்தது. அதைச் செய்ய அத்தைக்கு மனசு வருமா, வந்து நின்ற பிறகு பாதியில் எழுந்து போய்விடுவாரா என்று எனக்குப் பயமாக இருந்தது. படையலின் நடுவில் யாரும் எழுந்து போகக் கூடாது.

தீபாவளி காலையில், ஒரு வேனில், அத்தையும் மகளும் வந்து இறங்கினார்கள். அத்தையின் மடியில் துணியில் கட்டிய ஒரு பொட்டலம் இருந்தது. அதை யாரிடமும் கொடுக்கவில்லை. என் மகன் ஓடிப்போய் வழக்கமான நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டான்.

"என்னடா இது?"

"மாலையைக் கழட்டத்தான் பாட்டி."

அத்தை அண்ணாந்து போட்டோவைப் பார்த்தார். அந்தப் போட்டோவை ஒரு தடவை ஹட்டனில் கொடுத்துக் கலர் போட்டு வாங்கினோம். ஸ்டூடியோக்காரர் உதட்டுக்குச் சிவப்பைக் கொஞ்சம் தாராளமாக வைத்துவிட்டார். வெற்றிலை போட்டுக்கொண்டே சண்டைக்குப் போனவர் மாதிரி இருப்பார் பெரியப்பா.

"இருக்கட்டும்," என்றார் அத்தை. "அந்த நாற்காலியை எடு. இன்னைக்கு ஏறுனா விழுந்திருவேன்."

நேரே இலையிடம் போனார். தரையில் விரித்திருந்த இலையில் ஒவ்வொன்றாக விசாரணை நடந்தது.

"இது என்னா?"

"கொத்து ரொட்டி, பாட்டி."

"இது?"

"சொசேஜஸ்."

"அண்ணன் இதெல்லாம் சாப்பிட்டாருன்னு யாரு சொன்னது?"

மகன் என் தம்பியைக் காட்டினான். தம்பி என்னைக் காட்டினான். நான் அப்பாவின் போட்டோவைக் காட்டினேன். செத்தவர்தானே, வந்து மறுக்கவா போகிறார்.

"இந்தப் போத்தல்?"

"பட்டாளத்துக்காரரு அத்தை..." என்று ஆரம்பித்தான் தம்பி.

"போத்தலைப் பாத்தா பாதிப் பட்டாளம் குடிச்ச மாதிரி இருக்கே."

"சும்மா டேஸ்ட் பாத்தேன் அத்தை. பழசாப் போயிருந்தா அவருக்கு ஒத்துக்காதுல்ல."

அத்தை மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என் மகள் அத்தையின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "அப்போ பெரிய தாத்தாவுக்கு உண்மையா என்ன பிடிக்கும்? நீங்க சொல்லுங்க பாட்டி. உங்களுக்குத்தான் தெரியும்."

நாங்கள் எல்லோரும் இத்தனை வருடமும் கேட்கத் துணியாத கேள்வி அது. அத்தை பொட்டலத்தின் முடிச்சைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தெரியாதுடி," என்றார் கடைசியில். "அவரு போறப்ப நான் சின்னப்புள்ள. போட்டோவைப் பாத்துப் பாத்து, எனக்கு ஞாபகம் இருக்கிற மூஞ்சி எது, ஸ்டூடியோக்காரன் போட்ட மூஞ்சி எதுன்னே தெரியாமப் போச்சு. உங்க தாத்தாகிட்டக் கூட இதைச் சொல்லல. நானும் தெரியாதுன்னு சொல்லிட்டா, அப்புறம் யாருக்குத் தெரியும்?"

என் பெண்சாதிதான், "அப்ப கொத்து ரொட்டியும் சரிதான் அத்தை, தப்புன்னு சொல்ல ஆள் இல்ல," என்றாள். அத்தை அவளை முறைத்துப் பார்த்தார். பிறகு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பொட்டலத்தை அவிழ்த்தார். உள்ளே ஒன்றின் மேல் ஒன்று கவிழ்த்த இரண்டு தட்டுகள். மேல் தட்டை எடுத்தார். சோறு, பருப்பு, தேங்காய்ச் சம்பல், பொரித்த கருவாடு. "அம்மா வச்சதைத்தான் நானும் வச்சுக்கிட்டு வர்றேன்," என்றார். அதை மூடாமல் கையிலேயே வைத்திருந்தார். இங்கேதான் எனக்குப் பயம். மூடிவிட்டுக் கிளம்பிவிடுவாரோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தை மகளும் அதையேதான் பார்த்தாள். அத்தை சோற்றைக் கையால் அள்ளி இலையில் வைத்தார். ஒரு பருக்கை விடாமல் வழித்து வைத்தார். பிறகு என் பெண்சாதியிடம், "இன்னொரு சின்ன இலை போடு," என்றார்.

"யாருக்கு அத்தை?"

"ஓட்டிக்கிட்டுப் போனவருக்கு. இவரு இங்க உக்காந்து சாப்பிடுறப்ப அந்த ஆளு எங்க போவாரு?"

"அவரு வடக்கத்தி ஆளு. சோறு சாப்பிடுவாரோ என்னமோ," என்றான் தம்பி.

"காலையில சுட்ட ரொட்டி இருக்குல்ல. அதை வை."

அப்படியே நடந்தது. ரொட்டியோடு கொஞ்சம் சம்பலும் வைத்தோம். அந்த வடக்கத்திக்காரரின் பெயர் எங்களுக்குத் தெரியாது. அவருடைய ஊரில் அவருக்கு யாராவது தட்டை மூடி வைத்தார்களோ, அதுவும் தெரியாது.

அத்தையே சூடம் கொளுத்தினார். "அண்ணே, வந்து சாப்பிடுங்க," என்று மூன்று தடவை கூப்பிட்டார். பிறகு எல்லோரும் வெளியே வந்தோம். நான் கதவைச் சாத்தினேன்.

வீட்டு முன்தாழ்வாரமான இஸ்தோப்பில் நெருக்கி நின்றோம். தூறல் சரிந்து உள்ளே அடித்தது. அத்தைக்கு மட்டும் ஒரு ஸ்டூல் போட்டோம். அவர் உட்காரவில்லை. கதவுக்கு நேரே நின்றார். வழக்கமாக எங்கள் வீட்டில், ஒருவர் வெற்றிலை போட்டு முடிக்கும் நேரம் பொறுத்துக் கதவைத் தட்டுவோம். தம்பிக்கு அதுவே அதிகம்.

"நீங்க தட்டுங்க அத்தை. நீங்கதான் மூத்தவங்க," என்றேன்.

"இரு."

பொறுத்தோம். பக்கத்து வீட்டில் பாட்டுச் சத்தம். மகன் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நின்றான்.

"பாட்டி, பசிக்குது."

"இருடா. அவரு இன்னும் முடிக்கல."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அவரு மெதுவாத்தான் சாப்பிடுவாரு," என்றார் அத்தை. சொல்லிவிட்டு அவரே திடுக்கிட்டவர் போல எங்களைத் திரும்பிப் பார்த்தார். "ஆமா. கருவாட்டுல ஒவ்வொரு முள்ளா எடுத்துத் தட்டோரம் வரிசையா வைப்பாரு. காலையில வேலைக்குப் பேர் குடுக்குற பெரட்டுக்கு நேரமாச்சுன்னு அப்பா ஏசுவாரு. இவரு பாட்டுக்கு முள்ளு எடுத்துக்கிட்டு இருப்பாரு. அப்பா வெளியில போனதும் அந்த முள்ளில்லாத துண்டு என் வாய்க்கு வரும்."

அத்தை மகள் தன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அதுக்குத்தான் அவ்வளவு நேரம் எடுத்திருக்காரு," என்றார் அத்தை, கதவிடம் சொல்வது போல.

அவர் இத்தனை வருடமும் வீட்டுக்குள் உட்கார்ந்து, அண்ணன் வந்து வெளியே தட்டுவாரா என்று கதவைப் பார்த்துக்கொண்டிருந்தவர். அன்று பெரியப்பா உள்ளே இருந்தார். அத்தை வெளியே நின்றார். தட்ட வேண்டியது அவர்தான்.

தூறல் மழையானது. அத்தை கையை உயர்த்தி, விரல் முட்டியால் இரண்டு தடவை மெல்லத் தட்டினார்.

"அதுக்கு எனக்கே கேக்கல அத்தை," என்றான் தம்பி.

"சும்மா இருடா. சாப்பிடுற மனுசனை அதிர வைக்கச் சொல்றியா?"

ஆனாலும் மறுபடி தட்டினார், கொஞ்சம் பலமாக. "அண்ணே, சாப்பிட்டாச்சா? நாங்க வரலாமா?"

கதவைத் தள்ளிக்கொண்டு முதலில் அத்தைதான் உள்ளே போனார். இலையில் எல்லாம் வைத்தபடி இருந்தன. தம்பி குனிந்து, போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"ஒரு சொட்டும் குறையல."

"குறையாது. அவரு குடிக்க மாட்டாரு," என்றார் அத்தை.

"இப்பத்தானே தெரியாதுன்னீங்க?"

"இப்பத்தான் தெரிஞ்சுச்சு. அடுத்த வருசம் இதை வைக்காதீங்க. கொத்து ரொட்டி வேணும்னா இருக்கட்டும், புள்ளை ஆசைப்படுறான்."

பிறகு அத்தை இலையின் முன்னால் சிரமப்பட்டு உட்கார்ந்தார். அந்த இலையிலிருந்து அவர் ஒரு நாளும் ஒரு வாய் சாப்பிட்டதில்லை. கருவாட்டை எடுத்துச் சோற்றோடு பிசைந்து வாயில் வைத்தார். மென்றுகொண்டே, உப்பு கூடிப் போச்சு என்று தன் சமையலைத் தானே குறை சொன்னார்.